சனி முழுக்கும் காப்புறுதிப் படிவமும்

பத்தொன்பது வருடங்களாக இத்தாலியின் பலேர்மோவில் வயதானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிடுவதுதான் என் வேலை. இப்போது நான் பார்க்கும் வயதான அம்மாவுக்கு, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், மூன்று பிள்ளைகள். மூவரும் நல்லவர்கள், மூவரும் தூரத்தில். அவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போதெல்லாம் என் இடுப்பு ஒரு கேள்வி கேட்கும்: நாளைக்கு உன்னை யார் தூக்குவது? எங்கள் ஒரே மகள் மிலானில் இருக்கிறாள். அவள் தலையில் இந்தப் பாரத்தை ஏற்ற எனக்கு மனமில்லை.

ஓய்வு பெற இன்னும் ஆறேழு வருடம் இருக்கும்போதே முதுமைப் பராமரிப்புக் காப்புறுதி பற்றி விசாரித்தேன். தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போனால், ஆள் வைத்துக்கொள்ள மாதாமாதம் பணம் தருவார்களாம். என் கணவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொண்டெல்லோவில் ஓர் உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனிதர். தனக்கு நோய் வரும் என்றே நம்பாதவர். மூன்று மாதம் நச்சரித்துத்தான் காப்புறுதி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஓர் இளம்பெண் படிவத்தை எடுத்து முதலில் அவரைக் கேட்டாள். யாருடைய உதவியும் இல்லாமல் குளிப்பீர்களா? வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்று நின்று, படிவம் என்றால் ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று பயந்து பழகியவர் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமைகளில் மனைவிதான் எண்ணெய் வைத்து முதுகு தேய்த்துவிடுவாள் என்றார். உடுப்பு? அவள் எடுத்துத் தருவாள். சாப்பாடு? அவள் போட்டுத் தந்தால்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஏற்கெனவே இந்த நிலைமையில் இருப்பவருக்குக் காப்புறுதி தர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. இது நோயில்லை, எங்கள் வழக்கம், இந்த மனிதர் மீன் பெட்டிகளைத் தனியே தூக்கி அடுக்குகிறவர் என்று விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. அவளும் சிரித்து, பதில்களைத் திருத்தினாள். பிறகு அதே கேள்விகள் எனக்கு. குளிப்பது? நானே. உடுப்பது? நானே. சாப்பாடு? சமைப்பதும் நானே, போட்டுச் சாப்பிடுவதும் நானே. ஒவ்வொரு பதிலுக்கும் என் கணவரின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் போட எங்கள் சம்பளம் இடம் கொடுக்காது. அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், முதலில் விழப்போவது அவர்தான், ஆகவே அவருக்கே போடலாம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். என் கவலைக்காகத் தொடங்கிய காரியம், பழக்கதோஷத்தில் அவர் பெயருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதைச் சொன்னேன்.

“உம்மடை பேரிலை போடும்,” என்றார். “எனக்கு நீர் இருக்கிறீர். உமக்கு நான் மட்டும் காணாது.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்னவற்றில் இதைவிட அன்பான வார்த்தை எனக்கு நினைவில்லை. அழுகை வந்தது. தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

என் பெயரில்தான் கையெழுத்துப் போட்டோம். அடுத்த சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகுமுன் அவர் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து, என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பழகாத கை. அரைப் போத்தலைத் தலையில் கவிழ்த்துவிட்டார். கண்ணெல்லாம் எரிந்தது.

“காணும், விடுங்கோ,” என்றேன்.

அவர் விடவில்லை. நானும் எழும்பவில்லை.