பங்குனியில் பால் பிடித்த கோதுமை

என் தவறால் பொய்த்த பயிருக்காக ஒரு மலை விவசாயியைச் சோம்பேறி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் அவருடைய நிலம் போயிற்று.

யுத்த காலம். அரிசி கிடைக்கவில்லை. கொல்லிமலையில் கோதுமை விளைவிக்கும்படி விவசாய இலாகா என்னை அனுப்பியது. விதை மூட்டை தை மாதம்தான் வந்து சேர்ந்தது. தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியில் காட்டோரமாகச் சாமை விதைத்து வந்த ஒருவரின் வயலைத் தேர்ந்தெடுத்தேன். ஒழுங்காகப் பயிர் செய்யும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று வன இலாகா அவருக்கு விட்டிருந்த நிலம். வேறு நிலம் அவருக்கு இல்லை.

“பனிக்காலத்துப் பயிருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பனி முடியப் போவுது. இப்பப் போட்டா பங்குனியில பால் பிடிக்கும். வெயில் குடிச்சிருமுங்க,” என்றார்.

“மலையில ஏதுய்யா வெயில்?”

விடியற்காலையில் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டே இதைக் கேட்டேன். என் நடுக்கத்தை வைத்து மலையின் வெப்பத்தை அளந்த பட்டதாரி நான்.

“சட்டையக் கழட்டிட்டு மத்தியானமா வந்து நில்லுங்க சாமி,” என்றார். ஆனாலும் விதைத்தார். அதிகாரி சொன்னால் என்ன செய்வார்?

பயிர் தூர் கட்டவில்லை. முழங்கால் உயரத்திலேயே அவசரமாகக் கதிர் தள்ளியது. பூத்ததில் பாதி பதர். அவர் தினமும் ஓடைத் தண்ணீர் பாய்ச்சியும் மணி நிரம்புமுன் தாள் பழுத்துவிட்டது. கையில் கசக்கினால் சீரகம் போல் வந்தது. மணி பால் பிடிக்கும்போது கோதுமைக்குக் குளிர் வேண்டும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவன், ரிப்போர்ட்டில் எழுதியது வேறு: ‘பயிரிட்டவர் சோம்பேறி. நீர் பாய்ச்சவில்லை.’ வன இலாகா நிலத்தைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தது.

இரண்டு மாதம் கழித்து உண்மையை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

“உம்ம ரிப்போர்ட்டுக்கு நீரே மறுப்பா? ரெண்டையும் சேர்த்துக் கட்டி வைக்கிறேன், போம்,” என்றார்.

நிலத்தைத் திருப்பித் தரும்படி கலெக்டருக்கு ஒரு மனு எழுதி, அவருடைய கைநாட்டு வாங்க மலையேறினேன். அந்த விவசாயி தன் பழைய வயலிலேயே கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். மனுவைப் படித்துக் காட்டினேன். என் பிழை என்று எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன், பாராட்டுவார் என்று எதிர்பார்த்தவன் போல.

“இன்னொரு காயிதமுங்களா? வேண்டாமுங்க. போன காயிதமே போதும்.”

கைநாட்டு இல்லாமலே அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த தை மாதம், சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு அவர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.