மாம்பழச்சாலை மேடையும் என் பஸ்ஸின் வாலும்

1. புது வண்டி

தாழ்தளப் பஸ்ஸை முதன்முதலில் எங்கள் டிப்போவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்த அன்று நான் பண்ணிய அலட்டலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. டவுன் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். சீனியர் என்பதால் வண்டியை என்னிடம் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வழியாக சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட். படியே இல்லாத வண்டி. ஒரு பட்டனை அழுத்தினால் இடது பக்கம் மெல்லச் சாய்ந்து இன்னும் தாழும். நடுக்கதவில் மடித்து வைத்த சாய்பலகை ஒன்று உண்டு, ராம்ப் என்போம். கண்டக்டர் அதை இழுத்துப் போட்டால், சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் தயவும் இல்லாமல் உள்ளே வந்துவிடலாம்.

வண்டிக்கு மட்டுமல்ல, ரோட்டுக்கும் அரசாங்கம் செலவழித்திருந்தது. மாம்பழச்சாலை ஸ்டாப்பில் குண்டும் குழியுமாகக் கிடந்த ஓரத்தை எடுத்துவிட்டு, பஸ்ஸின் தரைமட்டத்துக்கு ஏற்ற மாதிரி மேடை கட்டி, ஏறிப்போக ஒரு முனையில் சரிவும் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சார், மேடையை ஒட்டி நிறுத்தணும். ஒரு ஜாணுக்கு மேல இடைவெளி விட்டீங்கன்னா இந்த வண்டியும் பழைய வண்டியும் ஒண்ணுதான்."

"தம்பி, ஆடிப்பெருக்கு கூட்டத்துல காவிரிப் பாலத்து மேல வண்டி ஓட்டின ஆளுங்க நாங்க. எங்களுக்கு ஓரம் கட்டச் சொல்லித் தரீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

2. வால் போடுவது

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். திருச்சி டவுன் பஸ்ஸில் பிரைவேட் வண்டிகளும் ஏராளம். நமக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவான். ஸ்டாப்பில் நாம் ஒழுங்காக ஓரம் சேர்ந்து நின்றால் அவன் சர்ரென்று முந்திப்போய் அடுத்த ஸ்டாப் கூட்டத்தை அள்ளிவிடுவான். ஓரத்தில் சொருகிய வண்டியை வெளியே எடுக்க நமக்கு ஒருத்தனும் வழி விடமாட்டான். அதனால் மூக்கை மட்டும் ஓரத்தில் காட்டிவிட்டு, பின்பக்கத்தை நடுரோட்டில் குறுக்கே விட்டு நிற்போம். வால் போடுவது என்று எங்களுக்குள் அதற்குப் பெயர். ஜனங்கள் ரோட்டில் இறங்கி ஓடிவந்து ஏறுவார்கள், திட்டிக்கொண்டேதான். நான் இதில் கில்லாடி. புது டிரைவர்களுக்கு வால் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

3. பாஸ்கர் வந்த காலை

வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில், மாம்பழச்சாலையில் ஒருவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்கதவருகே வந்தார். பெயர் பாஸ்கர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சத்திரம் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிறவர்.

"சார், தினமும் ஆட்டோலதான் போறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் யாராவது தூக்கணும். கடைக்குப் போறதுக்குள்ள அரை உயிர் போயிடுது. இதுல நானே ஏறிக்கலாமா?"

"ராஜா மாதிரி வாங்க. நான் இருக்கேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை வந்தார். நன்றாக அயர்ன் செய்த சட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. மேடையின் விளிம்பில் சரியான இடத்தில் நின்று, தூரத்திலேயே கையைத் தூக்கிக் காட்டினார். நானும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதே நேரம் கண்ணாடியில் பிரைவேட் வண்டி தெரிந்தது, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு. மூளை என்ன நினைத்ததோ தெரியாது, கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. வழக்கம்போல வாலைப் போட்டு நின்றேன்.

கண்டக்டர் அன்வர் ராம்பை இழுத்துப் போட்டான். அது மேடையைத் தொடவில்லை. நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம். பலகையின் நுனி ரோட்டில் போய் செங்குத்தாக நின்றது.

"அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து ஓரம் சேருங்க. அவரால ஏற முடியாது" என்று அன்வர் கத்தினான்.

பின்னால் பிரைவேட், முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்துவிட்டது. கீழே இறங்கி ஆட்டோவை நகரச் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அதற்குள் வண்டிக்குள்ளிருந்து ஒருவர், "அட, நாலு பேர் இறங்கித் தூக்குங்கப்பா, ஆபீஸுக்கு நேரமாச்சுல்ல!" என்றார். இறங்கிவிட்டார்கள்.

"வேணாங்க, தூக்காதீங்க. பஸ்ஸை ஒட்டி நிறுத்தச் சொன்னாப் போதும், நானே ஏறிக்குவேன்" என்று பாஸ்கர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? சீட்டை விட்டு இறங்கிப்போய், நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்! தூக்கியதில் அவருடைய சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது. ஒரு செருப்பு கீழே விழுந்தது. சாப்பாட்டுப் பை சாய்ந்து ரசம் பேன்ட்டில் கொட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெண் இதையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சத்திரத்திலும் அதே மாதிரி மேடை உண்டு, அங்கே ஒட்டி நிறுத்தினேன். ராம்ப் அழகாகப் படிந்தது. பாஸ்கர் தானே உருட்டிக்கொண்டு இறங்கினார். பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இறங்கியவர் முன்கதவு வழியாக என்னைப் பார்த்து, "ஒரு நாளாவது யாரும் தூக்காம வேலைக்குப் போகலாம்னு பார்த்தேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

4. பொன்னாடை

ஆனால் வீடியோ வந்துவிட்டது. பின்னணியில் சோகமான வயலின். 'சீட்டை விட்டு இறங்கி வந்து மாற்றுத்திறனாளியைத் தூக்கிய மனிதநேய ஓட்டுநர்!' என்று எழுத்து வேறு. லால்குடியில் இருக்கும் என் மச்சினன் முதல் துபாயில் இருக்கும் என் மகன் வரை எல்லோரும் அனுப்பினார்கள். வீட்டில் என் மனைவி கேசரி கிளறினாள். அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கிளை மேலாளர் கூப்பிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை டிப்போல உங்களுக்குப் பாராட்டு. மேலதிகாரி வராரு."

"சார், அது நான் ஓரம் சேர்க்காததால வந்த வினை சார். நான் சரியா நிறுத்தியிருந்தா தூக்கவே வேண்டியதில்ல."

"இந்த அடக்கம் இருக்கு பாருங்க, இதான்யா உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே" என்று தோளைத் தட்டினார். நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேலதிகாரி வருகிறார் என்றதும் வாய் தானாக மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பந்தல், மைக், நாற்காலிகள். பொன்னாடை போர்த்த பாஸ்கரையே கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மேடைக்குப் படிக்கட்டு. அதைப் பார்த்து அவர் தயங்கி நின்றார். மேலாளர் மைக்கிலேயே, "தூக்குங்கப்பா, தூக்குங்க!" என்றார். எங்கள் ஆட்கள் நாலு பேர் ஓடினார்கள். கூட்டம் கைதட்டியது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேணாம், நான் கீழ வரேன்" என்று குதித்து இறங்கிப்போய் அவர் முன்னால் குனிந்து நின்றேன். அதற்கும் கைதட்டினார்கள், முன்னைவிடப் பலமாக. பாஸ்கர் பொன்னாடையைப் போர்த்தினார். மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். இதோ சொல்லப்போகிறார், சொல்லட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர், "டிரைவர் சாருக்கும் டிப்போவுக்கும் ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோவில் அவரை ஏற்றியபோது பக்கத்தில் போய் நின்றேன். "ஏன் சார் நடந்ததைச் சொல்லல? சொல்லியிருக்கலாம்ல?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சொன்னா எல்லா டிரைவருக்கும் என் மேல கோபம் வரும் சார். அப்புறம் கையைக் காட்டினா எந்த பஸ்ஸும் நிக்காது. என்னைக்காவது அவசரத்துக்கு எனக்கு பஸ் வேணும்ல?"

ஆட்டோ போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பொன்னாடையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு டிப்போ வாசலிலேயே நின்றேன். ஓய்வு பெறும்வரை மாம்பழச்சாலையில் ஒரு டிரிப்கூட நான் வால் போடவில்லை. பிரைவேட்காரர்கள் கிண்டல் செய்துகொண்டே முந்திப் போனார்கள். மேடையை ஒட்டி நின்று பார்ப்பேன். பாஸ்கர் ஒரு நாளும் அங்கே இல்லை.

புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். பஸ் வாங்குவதும் மேடை கட்டுவதும் அரசாங்கம் செய்துவிடும். ஓரம் சேர்க்க வேண்டியது நாம். முந்துகிறவன் முந்தட்டும், விடுங்கள். நமக்குப் பயந்து ஒரு பயணி நமக்கு நன்றி சொல்லும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள்.