தண்டவாளத்தடியில் சொன்ன பேர்

மோகனூருக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் பனையோலைக் கூரைகளே அதிகம். சித்திரை வெயிலில் ஒரு பொறி போதும். அதற்காகச் சாவடி வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். தீயை முதலில் பார்ப்பவர் ஓடிப்போய் அதை அடிக்க வேண்டும்; அங்கேயே நின்று, யார் வீடு என்று பேரைச் சொல்லிக் கத்தவும் வேண்டும். ஊர் குடத்தோடு வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். பெண்டாட்டிமாரைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணமாகி நான்கு மாதம். ஒரு மத்தியானம், எங்களுக்கு நான்கு வீடு தள்ளி ஓலை புகைவதைப் பார்த்தேன். அந்த வீட்டார் பூட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். உள்ளே எட்டு நாள் கன்றுக்குட்டி கத்துகிறது. பூட்டு என் கைக்கு மசியவில்லை. ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்த அடியில் வளையல் இரண்டு உடைந்தது.

“ஆரு ஊடு அம்மிணி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அந்த வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பேர். தெருப் பக்கம் கையை மட்டும் நீட்டினேன். ‘நாலு வீடு தள்ளி’ என்று சொல்லும் அறிவு மறுநாள்தான் வந்தது.

“பேரைச் சொல்ல மாட்டேங்குது. அப்ப அது புருசன் ஊடுதானப்பா!” என்றார் ஒருவர். புழக்கடையில் என் மாமியார் நெல் அவித்த புகையும் அதற்குச் சாட்சி சொன்னது. இருபது குடம் தண்ணீர் எங்கள் நல்ல கூரைமேல் விழுந்தது. அடுப்போடு நனைந்த மாமியார் ஊரையே வைதார்.

கன்றின் குரல் கம்மியது. பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று, மூச்சைப் பிடித்துப் பேரைக் கத்தினேன்.

கட்டினவன் பேரை எவளும் சொல்லமாட்டாள். ஆகவே அது அதே பேருள்ள மற்றவர் வீடு என்று எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. எங்கள் கூரையில் தண்ணீர் ஊற்ற ஏணிமேல் நின்ற என் வீட்டுக்காரர் மட்டும், கூப்பிட்டது யாரென்று தெரியாமல், “வாரேனுங்க” என்றார்.

பூட்டை உடைத்தவரும் அவர்தான். கூரை போயிற்று. கன்று ஒரு காது நுனி கருகி உயிரோடு வந்தது. அதை என் மடியில் போட்டுவிட்டு, “என்ற ஆயுசு போனாப் போவுது. சித்த முன்னாடியே கத்தியிருந்தீன்னா இதோட காது தப்பிச்சிருக்கும்” என்றார்.

பேரைச் சொல்லிவிட்டோமே என்று நான் வெட்கப்படவில்லை. இருபது குடம் தீரும்வரை சொல்லாமல் நின்றதற்குத்தான் வெட்கப்பட்டேன்.