வேண்டாம் எண்டு கேட்ட தலைப்பு

பூசை முடிஞ்சு வீட்டை போக நிக்கிற ஆக்கள் கொஞ்சம் இருந்து கேட்டிட்டுப் போங்கோ. இந்தக் கோயில் அம்மாளோடை கோவிச்சுக்கொண்டு திரிஞ்ச ஒருத்தி சொல்லுறன்.

நான் திருகோணமலை. ஒஸ்லோவிலை புவிபௌதிகவியலிலை கலாநிதிப் படிப்புப் படிச்சனான். நிலத்துக்குள்ளாலை அதிர்வு எப்பிடிப் போகுது எண்டு பாக்கிற வேலை. தம்பி போனிலை பகிடி பண்ணுவான்: "டொக்டர் எண்டால், கல்லுக்கோ அக்கா ஊசி போடப்போறாய்?" 2004 மார்கழியிலை சுனாமி அவனைக் கொண்டுபோட்டுது. படிக்கிற இடத்திலை ஒருத்தரிட்டையும் நான் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை.

2006ஆம் ஆண்டு, இலை கொட்டுற காலம். பாடங்கள் எல்லாம் பாஸ். ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திட்டுது. ஆய்வுநூலையும் பரீட்சைக் குழு ஏற்றுக்கொண்டிட்டுது. மிச்சம் ஒரு பரீட்சை விரிவுரை, அதுக்குப் பிறகு ஆய்வு சரியெண்டு சபையிலை நிண்டு வாதாடுற வாதம். விரிவுரையிலை தேறாட்டி வாதத்துக்கு விடமாட்டினம். தலைப்பைக் குழுதான் தரும், பத்து வேலைநாளுக்கு முன்னம். எங்கடை ஆய்வுக்கு வெளியிலை ஒண்டைத்தான் தருவினம். மாத்தேலாது.

அம்மாளிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். "எதையும் தா. சுனாமியை மட்டும் தராதை."

வந்த தலைப்பு: கடலடி நிலநடுக்கமும் சுனாமியும்.

சுவாமித் தட்டின்ரை திரையை இழுத்து மூடினன். "உனக்குக் காதில்லையோ?" எண்டு கேட்டன். என்ரை மனுசன்தான் விளக்கு வைச்சார், நான் அந்தப் பக்கம் திரும்பேல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பழகுவம் எண்டால், கடல் முதல்லை பின்வாங்கும் எண்ட இடத்திலை குரல் அடைச்சுப் போகும். தம்பி அப்பதான் மீன் பொறுக்க இறங்கினவன்.

"சுகமில்லை எண்டு தள்ளிப்போடுவமே?" எண்டு இவர் கேட்டார்.

"தள்ளிப்போட்டால் பிறகு நான் அந்தப் பல்கலைக்கழகப் படிவாசல் மிதிக்கமாட்டன்" எண்டன். அத்தனை வருசப் படிப்பும் அதோடை சரி எண்டு எனக்குத் தெரியும்.

விரிவுரை நாள் காலமை, வீட்டுக்குக் கிட்ட ஹொல்ம்லியா ஸ்டேசனிலை ரெயின் ஏறேக்கைதான் திரும்பக் கேட்டன். கோவம் தீரேல்லை. "மாத்தாட்டிப் போ. மூச்சையாவது தா."

இஞ்சத்தை நோர்வே ஆக்கள் சிலவேளை "யா" எண்டதை மூச்சை உள்ளுக்கு இழுத்துச் சொல்லுவினமெல்லே. ஓம், சொல்லு எண்டுதான் கருத்து. வந்த புதுசிலை என்ரை பேராசிரியர் அப்பிடி இழுக்க, பாவம், ஆளுக்கு இழுப்பு வருத்தமாக்கும் எண்டு ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வந்து குடுத்தனான்.

விரிவுரையிலை கடல் பின்வாங்கிற படம் வந்துது. அப்பிடியே நிண்டிட்டன். மண்டபம் முழுக்க என்னைப் பாக்குது. முன்வரிசையிலை குழுத் தலைவி, நரைச்ச தலை மனுசி. அவ என்னைப் பாத்து மூச்சை உள்ளுக்கு இழுத்தா. "யா."

என்னை அறியாமல் நானும் அவவோடை சேர்ந்து இழுத்தன். மூச்சு வந்துது. பின்னாலை சொல்லும் வந்துது. திரும்ப அடைச்சுது. திரும்பவும் அவ "யா" எண்டா. முடிவிலை, எழுதி வைக்காத ஒண்டைச் சொன்னன்: "கடல் பின்னுக்குப் போனால் மீன் பொறுக்கப் போகாதேங்கோ. மேட்டுக்கு ஓடுங்கோ. என்ரை தம்பிக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை."

தேறினன். பின்னேரம் வாதமும் முடிஞ்சு கலாநிதி ஆனன். தலைவியிட்டைக் கேட்டன், தெரிஞ்சோ இந்தத் தலைப்புத் தந்தனீங்கள் எண்டு. நான் எந்த ஊர் எண்டே அவவுக்குத் தெரியாது. அந்த மனுசியின்ரை கண் கலங்கிப் போச்சு.

வீட்டை வந்து திரையை விலக்கி நானே விளக்கு வைச்சன். நிண்ட இடத்திலை இருந்து அழுதன். தம்பி போன பிறகு அண்டைக்குத்தான் வாய்விட்டு அழுதனான். இப்ப கோடை லீவுக்கு ஊருக்குப் போற பிள்ளையளைக் கூப்பிட்டு வைச்சு, கடல் பின்வாங்கினால் என்ன செய்யவேணும் எண்டு நான்தான் சொல்லிக் குடுக்கிறன். தம்பியின்ரை பேரைச் சொல்லித்தான் தொடங்குவன்.

உங்களுக்கும் வேண்டாம் எண்டு கேட்டதே வந்து வாசலிலை நிக்குதெண்டால், என்னை மாதிரித் திரையை மூடாதேங்கோ. கோவமெண்டால் அந்தக் கோவத்தோடையே போய் விளக்கை வையுங்கோ.