என் மனைவி டாவின்சி கற்றுக்கொண்டாள்

கல்யாண வீடியோ எடிட்டிங் தொழிலில் நன்றாகச் செய்த வேலை யார் கண்ணிலும் படாது. விட்டுப்போன சித்தப்பாவின் முகம் மட்டும்தான் படும். என்னைப் போலவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு தேயும் எடிட்டர்களான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தன்னைவிடக் கெட்டிக்காரரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது நமக்கானது.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து என்றால் எடியஸ் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர். மண்டபத்தில் எடுத்த நீளநீளமான வீடியோவை அப்படியே போட்டாலும் என் பழைய கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடும். எழுத்து பறந்து வருகிற விளம்பரம் என்றால் பிரீமியர். இந்த இரண்டே எனக்குப் போதும் என்றிருந்தேன். போன் எடுக்கவும் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் ஸ்டுடியோவுக்கு வந்துகொண்டிருந்த என் மனைவி சுகந்திதான், இலவசமாகக் கிடைக்கிறதே என்று டாவின்சியை இறக்கினாள். நிறம் திருத்துவதற்குப் பெயர்போன சாஃப்ட்வேர். யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டாள். நானும் சிரித்துக்கொண்டே, அவளுக்கென்று புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சிரிப்பு அதோடு சரி.

பொள்ளாச்சிப் பெண்ணின் முகம்

பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரி வீட்டுக் கல்யாணம். மேடை முழுக்க ஊதா லைட். நான் எடியஸில் வெட்டி முடித்து, வழக்கம்போல எல்லோரையும் ஒரே அடியாக வெளுப்பாக்கிவிட்டேன். வெளுப்பாக இருந்தால் சண்டை வராது என்பது என் அனுபவம். பெண்ணின் அம்மா வந்து பார்த்தார். "பாக்கலாமுங்க" என்றார். நம் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

சுகந்தி அந்த அம்மாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, மேடைக் காட்சியை டாவின்சியில் போட்டாள். ஊதா மெல்ல இறங்கியது. பெண்ணின் மாநிறம் திரும்பி வந்தது. நலுங்கு மஞ்சள் இன்னும் போகாத கன்னம்கூடத் தெரிந்தது. நான் பின்னால் நின்று ஹார்ட் டிஸ்க்கைத் துடைப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இப்பத்தானுங்க அம்மணி, எம்பட புள்ளையாட்டம் இருக்குது. முன்னால பாத்தது வேற ஆரோ ஊட்டுப் புள்ளைங்க."

சூலூர் மோட்டார்

சூலூரில் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு சின்ன கம்பெனிக்கு விளம்பரப் படம். இதையும் டாவின்சியிலேயே செய்யலாமே என்றாள் சுகந்தி. கூடவே கூடாது என்றேன். படத்தை ப்ராஜெக்ட் பைலோடு சென்னை ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் பிரீமியரில்தான் வேலை செய்கிறார்கள் என்று காரணம் சொன்னேன். காரணம் உண்மைதான். சொன்ன வேகம்தான் கொஞ்சம் அதிகம்.

மோட்டாரின் பாகங்கள் தனித்தனியாகப் பறந்து வந்து ஒன்று சேர்வதுபோல் செய்திருந்தேன். கம்பெனி முதலாளி பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. சுகந்தி அங்கே இல்லையே, இதைப் பார்க்கவில்லையே என்பதுதான் ஒரே குறை. முதலாளி பாதிப் படி இறங்கியவர் திரும்பி நின்றார்: "ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. எதுக்கும் அம்மணிகிட்ட ஒருக்கா காட்டிப்போட்டு அனுப்புங்க."

வள்ளிக்கும்மி

சுகந்தியின் அக்கா ஊரில் கோயில் திருவிழா, அதாவது நோம்பிக்கு, வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளிக்கும்மி ஆடினார்கள். நான் பெரிய கேமராவில் எடுத்துவந்து, எடியஸா பிரீமியரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுகந்தி தன் போனில் எடுத்ததை, ஊர் திரும்புகிற பஸ்ஸிலேயே போனில் வெட்டி அனுப்பிவிட்டாள். ஊரே பார்த்துத் தீர்த்த பிறகு என்னுடையது போய்ச் சேர்ந்தது. கும்மி சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்னை போனில் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இது அம்மணி போட்டதையே பெருசாக்குனதுங்களா?"

எஸ்தர் டீச்சரின் படம்

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய அம்மா விசைத்தறியில் வேலை செய்தவர். தறிக்குப் போகும் பெண்களைப் பற்றி டீச்சர் ஒரு ஆவணப்படம் எடுத்திருந்தார். வெட்டுவது, நிறம், சத்தம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கலாம் என்பதால் டாவின்சியில் செய்யலாம் என்றார். நானே செய்கிறேன் என்றேன். சுகந்தியின் முகம் மாறியதை டீச்சர் பார்த்துவிட்டார். ஒரே காட்சியை இரண்டு பேரும் தனித்தனியாக வெட்டுங்கள், யாருடையது எது என்று எனக்குச் சொல்லாதீர்கள் என்றார்.

நான் அவளிடம் தோற்பதெல்லாம் அந்த சாஃப்ட்வேரால்தான் என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். அவள் அம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில் நானும் யாருக்கும் தெரியாமல் டாவின்சி பழகியிருந்தேன். அதனால் புதுக் கம்ப்யூட்டரில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். அவளுக்கு மிஞ்சியது என் பழைய கம்ப்யூட்டரும் எடியஸும். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

காட்சி இதுதான்: தறி ஓட்டும் ஓர் அம்மா, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வருவதே இல்லை என்று சொல்கிறார். என் வடிவத்தில் நிறம் சினிமா மாதிரி இருந்தது. தறிச் சத்தத்தை அடக்கி ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக்கியிருந்தேன். சுகந்தியுடையதில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த அம்மா பேசி நிறுத்திய பிறகும் அவள் வெட்டாமல் விட்டிருந்தாள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறார், திரும்பி அறுந்த இழையில் முடிச்சுப் போடுகிறார், தறி மறுபடி ஓடுகிறது. டீச்சர் அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, இதுதான் என்றார். மற்றதில் என்ன தப்பு என்று நான் கேட்டதிலேயே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "தப்பு ஒண்ணுமில்லீங்க சார். அந்தம்மா பேசி முடிச்சதும் வெட்டிப்போட்டீங்க. எங்கம்மாவும் இப்படித்தானுங்க, மிச்சத்தைப் பேச மாட்டாங்க."

பைக்கில்

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மேடு பள்ளம் பார்க்காமல் பைக்கை விரட்டினேன். கோபமா என்று பின்னாலிருந்து சுகந்தி கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும், இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, கோபம் இல்லை, பொறாமை என்று சொல்லிவிட்டேன். பைக்கில் முகம் தெரியாது என்பது எவ்வளவு பெரிய வசதி. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்கும் உங்க மேல இருந்துச்சுங்க மாமா. நீங்க வெட்டீட்டு இருப்பீங்க, நான் போனை எடுத்து 'ஸ்டுடியோங்க'ன்னு சொல்லீட்டு உக்காந்திருப்பேன், அப்பெல்லாம்."

திரையிடல்

படத்தை அவள்தான் வெட்டினாள். நான் சத்தத்தைப் படத்தோடு பொருத்திக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன அரங்கில் காட்டியபோது அந்தத் தறிக்கார அம்மாவும் வந்திருந்தார். முடிந்ததும் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற என்னை யார் என்று கேட்டார். இவள் வீட்டுக்காரன், நானும் எடிட்டர்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது: "அப்படிங்களா? குடுத்து வச்சவங்க நீங்க. ஊட்டுலயே கத்துக்கலாமுங்க."

இப்போது ஸ்டுடியோவுக்குப் புது போர்டு மாட்டியிருக்கிறோம். அதில் அவள் பெயரும் என் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கின்றன என்பதை, ஏணி போட்டு ஏறி, நானே அளந்து பார்த்துவிட்டேன்.