ஊதா நிறக் கறை

திருவொற்றியூரில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் சிறு பட்டறை சிவந்தியுடையது. பன்னிரண்டு வருடம் பிறரிடம் வேலை பார்த்துவிட்டு, 2005இல்தான் ஒரு மோட்டாரை வைத்துச் சொந்தமாகத் தொடங்கினாள். ஆறு மாதமாகியும் சரியாக வேலை வரவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால், பட்டறையை மூடிவிட்டுப் பழைய முதலாளியிடமே போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "உங்க பாலிஷ் எப்படின்னு பாக்கணும். சாயங்காலத்துக்குள்ள ஈமெயில்ல படம் அனுப்புங்க. இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ரஷீது தன் சின்ன டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தான். சிவந்தி ஒரு கூஜாவைப் பளபளவென்று துடைத்து வைத்துப் படம் எடுத்தாள். படத்தில் கூஜாவின் வயிற்றில் ஊதா நிறத்தில் ஒரு கறை. மறுபடி மோட்டாரில் பிடித்து மெருகேற்றினாள். சாம்பல் போட்டும் தேய்த்தாள். அடுத்த படத்தில் கறை கொஞ்சம் நகர்ந்திருந்ததே தவிர, போகவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாபாரம் முடிந்து வாசலில் மீன் கூடையை இறக்கிய பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

"அடியே, இந்தக் கறைக்குக் கை காலெல்லாம் கீதுடி! ஊதாப் பொடவ கட்டிக்கினு எதுர்ல குந்திக்கினு கீற. உன்னியே இன்னாத்துக்குப் போட்டுத் தேய்க்கிற?"

சிவந்திக்கு வெட்கமாகிவிட்டது. "அப்போ நான் எங்கக்கா போறது? ஆள் இல்லாம எப்டி எடுக்குறது?"

"மறைஞ்சிக்கினு எடு. இரு, வரேன்."

பச்சையம்மா தன் வீட்டிலிருந்து ஐஸ் போட்டு மீன் வைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் கேமராவின் மூக்கு நுழையும் அளவுக்குக் கத்தியால் ஓட்டை போட்டாள்.

"ஐயோ, இனிமே இதுல ஐஸ் நிக்காதேக்கா!"

"ஐஸ் நிக்கலேன்னா வேற பொட்டி பாத்துக்கலாம். நீ நிக்கணும்ல."

வெயிலில் கூஜாவை வைத்து அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்தார்கள். தெர்மாகோல் வழியாக வெளிச்சம் பால் போல இறங்கியது. ஓட்டை வழியே சிவந்தி எடுத்த படத்தில் கறையே இல்லை.

கேமராவை வாங்கிப்போக வந்த ரஷீது மூக்கைப் பொத்திக்கொண்டான். "கூஜா கவுச்சி அடிக்குதுக்கா."

"படத்துல அடிக்காது நைனா, நீ அனுப்பு!" என்றாள் பச்சையம்மா.

மறுநாளே ஆர்டர் வந்தது. இன்று சிவந்தியின் பட்டறையில் ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். அன்று கடைக்காரரின் பதிலை ரஷீது படித்துச் சொன்னதும் அவள் பட்டறைக்குப் போகவில்லை. புதிய ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நேராகப் பச்சையம்மா வீட்டுக்குப் போனாள். பெட்டியை இறக்கி அவள் கையில் கொடுத்தாள்.

பச்சையம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, இத்தையும் ஓட்ட போடணுமா?"