எங்கள் கிணற்றுக்கு மருந்து வேண்டாம் என்றேன்

அம்மாளின் பிள்ளைகளே, நம் கோயில் சடங்கு நாளில் ஒலிபெருக்கியில் பேசச் சொன்னீர்கள். எனக்கு நா எழவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். குரல் உள்ளவர்கள் யாராவது வாசியுங்கள்.

என் மகள் யதுஷா சாகக் கிடந்தாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனது நான். மீட்டுத் தந்தது அம்மாள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது சாட்சி. ஒன்றை மட்டும் சொன்னால் நான் பொய்க்காரி.

மண்டூர்ப் பக்கம், வாவிக் கரையில் எங்கள் ஊர். அம்மா தந்த வளவில் ஒரு பாதி எனக்கு, மறுபாதி தங்கச்சி சுகந்திக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. வைகாசிச் சடங்கின் கடைசி நாளில், அம்மாளின் கோபம் தணியட்டும் என்று பாடித் தண்ணீர் தெளிக்கிறோமே, குளிர்த்தி, அந்தத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் போகும். அது எங்கள் குடிக்கு வந்த மரியாதை. அந்த மரியாதை என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

போன மாரி மழையில் வாவி நிரம்பி வளவுக்குள் வந்துவிட்டது. மலசலகூடக் குழியும் கிணறும் மூன்று நாள் ஒரே வெள்ளத்துக்குள் கிடந்தன. வெள்ளம் வடிந்த கிழமையே சுகாதாரப் பரிசோதகர் குளோரின் தூள் வாளியோடு வந்தார். இளம் ஆள், முழங்கால் வரை சேறு.

“அம்மா, கிணத்த இறைச்சுப்போட்டு மருந்து போடணும். அதுவரைக்கும் கொதிச்சாறின தண்ணியத்தான் குடிக்கணும்” என்றார்.

“இது அம்மாளுக்குத் தண்ணி போற கிணறு. இதுக்க மருந்து மணம் வரக்கூடா. நீங்க மத்தக் கிணறுகளுக்குப் போடுங்க” என்றேன்.

சுகந்தி தன் வாசலில் நின்றாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். “அக்கா, போடட்டுமே. வயித்துல புள்ளையோட எனக்குப் பயமா இரிக்கு” என்றாள்.

“பயமா இரிந்தா அம்மாளக் கும்பிடு” என்றேன். சொல்லும்போது எனக்கு வாய் கூசவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். நான் மூத்தவள், எங்கள் வீட்டில் அப்படித்தான். அந்தப் பரிசோதகர் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து யதுஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தலையிடி என்றாள். பிறகு வயிற்றோட்டம். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். ஒரு கிழமை போக, வயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அம்மாள் வந்திருக்கா.

பிறகு கேட்கவா வேண்டும்? அம்மை போட்டு அம்மாள் வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, பிள்ளைக்குச் சூடு காட்டக் கூடாது. ஆசுப்பத்திரி மருந்து கொடுத்தால் அம்மாள் கோபிப்பாள். குளிர்ச்சியாகத்தான் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்தேன். விடியக் குளித்து, ஈரத்துணியோடு, சாம்பல் போட்டு மினுக்கிய செம்பில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக அள்ளி, வேப்பிலை போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு ஆசாரமாக நஞ்சு கொடுத்திருக்கிறேன் பாருங்கள்! பிள்ளை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தாடையைப் பிடித்துப் பருக்கினேன்.

என் வீட்டுக்காரர் கட்டாரில் வேலை. “ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ” என்று போனில் அழுதார். அங்கே இருந்துகொண்டு அவருக்கு என்ன தெரியும் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை யதுஷா என்னைப் பார்த்து “மிஸ்” என்றாள். பள்ளிக்கூடத்து மிஸ் என்று நினைத்துவிட்டாள். பெற்ற தாயைத் தெரியவில்லை. அவளைச் சுகந்தியிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். எங்கள் அம்மாளின் கதவு வைகாசியில்தான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மூடிய கதவுக்கு முன்னால் மண்ணில் விழுந்தேன். “தாயே, நான் செய்யிறது சரியா பிழையா எண்டு காட்டு. இண்டைக்கே காட்டு. நாளைக்கு எனக்குப் புள்ள இரிக்காது” என்று கத்தினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நேர்த்திகூட வைக்கவில்லை.

எழும்பி, அம்மாளுக்குப் பூசை செய்யும் கட்டாடியார் வீட்டுக்குப் போனேன். மூன்று நாளாக என் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு வேப்பிலை அடித்தவர் அவர்தான். திருநீறு வாங்கலாம் என்றுதான் போனேன். அவர் முற்றத்தில் குந்தியிருந்து சுடுதண்ணிப் போத்தலிலிருந்து கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தேத்தண்ணியா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

“இல்ல புள்ள, வெறுந்தண்ணி. வெள்ளம் வந்தா நான் கொதிச்ச தண்ணிதான் குடிக்கிற.”

“இத ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லயே புள்ள” என்றார்.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கட்டாடியார் என்றும் பார்க்கவில்லை, வயது என்றும் பார்க்கவில்லை. கடைசியில், “புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடு. அம்மாள் கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்” என்றார்.

அம்மாளிடம் அடையாளம் கேட்டேன். பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை, யாரும் உரு வந்து ஆடவில்லை. ஒரு சுடுதண்ணிப் போத்தலைக் காட்டினாள். என்னைப் போன்றவளுக்கு அது போதும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குப் போனோம். டொக்டர் புள்ளிகளைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். “இது அம்மை வருத்தம் இல்ல, நெருப்புக் காய்ச்சல், டைபொயிட். அழுக்குத் தண்ணியால வாறது. இன்னும் ரெண்டு மூணு நாள் வீட்டுல வச்சிருந்தா குடல்ல ஓட்ட விழுந்திருக்கும்” என்றார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒட்டியிருந்த தாளில் ‘கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்’ என்று இருந்தது. வாளியோடு வந்தவரும் இதைத்தான் சொன்னார். நான் கேட்கப் போகும் கேள்விக்கு அம்மாள் முன்கூட்டியே ஆள் அனுப்பியிருக்கிறாள், நான் விரட்டியிருக்கிறேன். அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. “அம்மா, பசிக்கிது” என்றாள் யதுஷா. அம்மா என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் சாகும்வரை அம்மாளுக்கு அடிமை.

இதோடு நிறுத்தினால் நல்ல சாட்சி. நிறுத்த எனக்கு உரிமை இல்லை.

அதே கிழமை சுகந்தியை அதே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் அதே காய்ச்சல். அவளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே குடித்தாள். அவள் பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. பெண் பிள்ளை என்றார்கள். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: “உங்கட மகளுக்காக நீங்க அம்மாளிட்டக் கேட்டீங்க, அக்கா. என்ட புள்ளைக்காக ஆரும் கேக்கல்ல.” அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அந்தப் பரிசோதகரைக் கூப்பிட்டேன். வந்தார், ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கிணற்றை இறைத்து மருந்து போட்டார்கள். குழியைத் தூரத்துக்கு மாற்றினோம். இன்று என் வீட்டில் கொதித்து ஆறாத தண்ணீர் யார் வாய்க்கும் போகாது.

இந்த வைகாசியில் குளிர்த்திக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மூடிக் கொண்டுவந்தேன். தெளித்த பிறகு எல்லாரும் கையில் ஏந்திக் குடிக்கிற தண்ணீர் அது. சிலர் என்னை மறித்தீர்கள். அடுப்பில் ஏறின தண்ணீர் குளிர்த்திக்கு ஆகாது என்றீர்கள். அன்று சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். நம் அம்மாள் கொதிக்காமல் குளிர்ந்தவளா? கணவனைக் கொன்ற ஊரை எரித்த கொதிப்பு அடங்கித்தானே நம் கரைக்கு வந்து குளிர்ந்தாள்? கட்டாடியார் குடத்தை வாங்கிக்கொண்டார்.

அடியார்களே, அம்மாளிடம் கேளுங்கள். மூடிய கதவுக்குப் பின்னாலும் அவள் கேட்கிறாள், நான் கண்டேன். அவள் காட்டுவது உங்களுக்குப் பிடிக்காத ஆளாக இருக்கலாம், பிடிக்காத மணமாக இருக்கலாம். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்கு அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டேன், தினமும் சொல்வேன். நீங்கள் அம்மாள் முன்னால் நிற்கும்போது என் தங்கச்சிக்கு ஒரு பிள்ளை கேளுங்கள். நான் கேட்டு வருகிற பிள்ளையை அவள் வாங்க மாட்டாள்.